நாடாவில் மிச்சமிருந்த நான்கு நிமிடம்

எண்பதுகளின் நடுவில் தருமபுரி பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே கேசட் பதிவுக் கடை வைத்திருந்தேன். நான் உட்கார்ந்தால் வாடிக்கையாளர் நிற்க வேண்டும்; அவரை உட்கார வைத்தால் நான் ரோட்டில் நிற்க வேண்டும். அவ்வளவு அகலம். போர்டில் மட்டும் 'ஒலிப்பதிவு மையம்' என்று பெரிதாக எழுதியிருந்தேன்.

பாட்டுப் பட்டியலைக் கொடுத்தால் பதிந்து தருவேன். பாட்டெல்லாம் முடிந்து நாடாவில் கொஞ்சம் மிச்சமிருந்தால் சனங்களுக்குப் பொறுக்காது. "என்னங்க, கடைசியில வெறும் நாடா சுத்துது? பாட்டு தீந்து போச்சுங்களா?" என்று மாரண்டஹள்ளியிலிருந்துகூட பஸ் ஏறி வந்து சண்டை போடுவார்கள். அதற்கு நான் கண்டுபிடித்த மருந்துதான் கொசுறு. மொரப்பூர் பஸ் கண்டக்டரைப் போல நானே மிமிக்ரி செய்து நான்கு நிமிடம் பதிந்து வைத்திருந்தேன். விசில், சில்லறைச் சண்டை, "படியில நிக்காதய்யா, உள்ளாற போ" எல்லாம் உண்டு. கேசட்டின் வாலில் அதை ஒட்டிவிடுவேன். ஊரே சிரிக்கிறது என்று நம்பிக்கொண்டிருந்தேன். ஊர் ஸ்டாப் பட்டனை அழுத்திக்கொண்டிருந்தது எனக்குத் தெரியாது.

கடைக்கு ஓர் அக்கா வருவார். முக்காடு போட்ட, மெல்லப் பேசும் பெண். அவர் என்னை அண்ணா என்பார், நான் அவரை அக்கா என்பேன். வயசை ஒப்புக்கொள்ள இருவருமே தயாராக இல்லை. அவருடைய கணவர் சரக்குக் கப்பலில் சமையல்காரர். தூர தேசத்துத் துறைமுகங்களிலிருந்து அவ்வப்போது பாட்டுக் கேசட் அனுப்புவார். மூன்று வருடத்தில் மூன்று வந்தன. மூன்றிலும் ஒரே பாடகர். அந்த இசைக்கு சல்சா என்று பெயர் என்பது பல வருடம் கழித்துத்தான் எனக்குத் தெரிந்தது. அன்றைக்கு என் நோட்டில் 'கப்பல் பாட்டு' என்று எழுதி வைத்தேன்.

முதல் கேசட்டின் அட்டையில் பாடகருக்குக் கருகருவென்று மீசை. குரல், பிரேக் இல்லாத லாரி. இரண்டாவதில் தொப்பை விழுந்திருந்தது. பின்னால் இருபது பேர் ஊத, அவர் அதற்கும் மேலே போய் நின்று பாடினார். மூன்றாவதில் முழு நரை. முதல் கேசட்டில் இருந்த அதே பாட்டை மறுபடி பாடியிருந்தார், பாதி வேகத்தில். உச்சிக்குப் போக வேண்டிய இடத்தில் அவர் நின்றுகொள்ள, ஊதுகுழல் மட்டும் தனியாகப் போய்வந்தது.

அட்டையைப் பார்த்த அக்கா, "மூணு வருசத்துல ஒரு மனுசன் இப்பிடியா கெழவனாவாரு?" என்றார்.

"பழைய பாட்ட மொதல்ல வாங்கியிருப்பாருங்க்கா."

"இவுரும் அங்க இப்பிடித்தான் ஆயிருப்பாரோ?" என்றார். பாடகரைப் பற்றிக் கேட்கவில்லை, கணவரைப் பற்றி.

கேசட்டைப் பிரதி எடுத்துக்கொண்டு, அசலை பீரோவில் வைத்துவிடுவது அவர் பழக்கம். கேசட்டின் முதுகில் இரண்டு ஓட்டை இருக்கும். அவை திறந்திருந்தால் அதன்மேல் எதையும் பதிய முடியாது. காகிதம் ஒட்டி அடைத்தால் பதியலாம். கம்பெனி கேசட்டில் ஓட்டை திறந்தேதான் வரும். இந்த மூன்றிலும் காகிதம் ஒட்டியிருந்தது. இந்தத் தொழிலில் இருப்பவன் அங்கே யோசித்திருக்க வேண்டும். நான் யோசிக்கவில்லை. முதல் இரண்டும் வந்தபோது கொசுறு புத்தி எனக்கு இன்னும் பிறக்கவில்லை, அவை தப்பின. மூன்றாவதின் வாலில் பாட்டு முடிந்து வெறும் நாடா ஓடியது. ஓட்டையும் அடைத்திருக்கிறது, வசதியாய்ப் போயிற்று என்று பிரதியில் மட்டுமல்ல, அசலிலும் கண்டக்டரை ஏற்றிவிட்டேன். இலவசமாக.

அந்த மூன்றாவதற்குப் பிறகு கணவரிடமிருந்து கடிதமும் இல்லை, கேசட்டும் இல்லை. கம்பெனிக்கு எழுதிய கடிதங்களுக்குப் பதிலும் இல்லை.

ஏறக்குறைய ஒரு வருடம் கழித்து, வீட்டு டேப் முதல் கேசட்டின் பிரதியைத் தின்றுவிட்டதென்று அக்கா அசலைக் கொண்டுவந்தார். பதிந்துகொண்டிருந்தேன். பாட்டு முடிந்தபோது டீ வந்தது. டெக்கை நிறுத்தாமல் குடித்தேன். வெறும் நாடா ஓடியது. அப்புறம் ஓர் ஆண் குரல், தருமபுரித் தமிழில், என் கடைக்குள்ளேயே நின்று பேசுவதுபோல: "ஏ புள்ள, கேக்குதா? இங்க ஒரே மழ. இந்தாளு பாட்டக் கேட்டுக்கிட்டேதான் வெங்காயம் உரிக்கிறேன்..."

அக்கா டெக்கைத் தொட்டார், கையை எடுத்துக்கொண்டார், மறுபடி தொட்டார். பாட்டு முடிந்ததும் நிறுத்திவிடுகிற பழக்கத்தில் இத்தனை நாள் அவருக்கு இது தெரியவே இல்லை. சற்று நேரத்தில் முகமெல்லாம் சிரிப்பாகத் திரும்பினார்.

"அப்ப மத்ததுலயும் பேசியிருப்பாருங்களே! இருங்கண்ணா, வூட்டுக்குப் போயி எடுத்தாரேன்."

அவர் ஓடினார். மூன்றாவதின் வாலில் யார் இருக்கிறார் என்று எனக்குத் தெரியும். திரும்பி வருவதற்குள் ஊரைவிட்டே போய்விடலாமா என்று நினைத்தேன். பஸ் ஸ்டாண்ட் எதிரிலேயே இருந்தது.

இரண்டாவது கேசட்டில் மீன் குழம்பும் ஊர் நினைப்பும். மூன்றாவதைப் போட்டேன். நரைத்த பாடகர் முடித்தார். விசில் அடித்தது. "மொரப்பூரு, மொரப்பூரு!" என்று என் குரல். நான்கு நிமிடம் நான் சில்லறை கேட்டேன், திட்டினேன், விசிலடித்தேன். என் வாழ்நாளில் நான் கேட்ட மிகக் கேவலமான மிமிக்ரி அது. கடைசியில், "எறங்கு, எறங்கு" என்று நான் முடித்த இடத்துக்கும் நாடா தீர்ந்த இடத்துக்கும் நடுவே சில விநாடிகள் அவர் மிச்சமிருந்தார்: "...அன்னிக்குக் காலையில பஸ் ஸ்டாண்டுக்கு வந்துடு. கறி எதுவும் ஆக்காத, நானே வந்து ஆக்கறேன்."

டக்கென்று நின்றது.

"என்னிக்குன்னு சொன்னாருங்கண்ணா?"

"கப்பல் டேப்பு சரியில்ல போலங்க்கா. நடுவுல ஏதோ ரேடியோ..."

"அது உங்க குரலுதானுங்களே," என்றார். கோபமே இல்லை. அதைத்தான் இன்றுவரை என்னால் தாங்க முடியவில்லை.

ஹெட்போன் மாட்டி, குமிழ்களைத் திருகித் திருகி, என் கண்டக்டருக்கு அடியில் தேடினேன். ஒரு நாள் 'பத்து' என்பதுபோல ஏதோ கேட்டது. மறுநாள் அதே இடத்தில் இருமல்.

கேசட்டைக் கேட்ட மறுநாளிலிருந்தே அக்கா தினமும் காலையில் பஸ் ஸ்டாண்டுக்கு வரத் தொடங்கினார். மெட்ராஸ் பஸ் வந்து, எல்லாரும் இறங்கியபின் போய்விடுவார். சமைக்காமல் வந்திருக்கிறார் என்பது எனக்குத் தெரியும். போகும்போதுதான் கறிக்கடைப் பக்கம் திரும்புவார். மழையிலும் வந்தார். நான் கடைக்குள் குனிந்துகொண்டு எதையாவது துடைத்துக்கொண்டிருப்பேன்.

ஒரு நாள் அவர் வரவில்லை. பஸ் திரும்பும் சத்தம் கேட்டது. கடையை அப்படியே போட்டுவிட்டு ஓடினேன். அந்த மனிதரின் முகத்தை நான் பார்த்ததில்லை, குரல்தான் தெரியும். அதனால் படிக்குப் பக்கத்தில் நின்று, இறங்கிய ஆண்கள் ஒவ்வொருவரிடமும், "நல்லம்பள்ளி பஸ் எங்கங்க நிக்கும்?" என்று கேட்டேன். எல்லாரும் பதில் சொன்னார்கள். இருவர் அசல் கண்டக்டரைக் காட்டி, அவரிடம் கேட்கச் சொன்னார்கள்.

மறுநாள் அக்கா காய்ச்சல் முகத்தோடு வந்தார்.

"நேத்து..." என்று தொடங்கினார்.

"பாத்தேங்க்கா. எல்லாருகிட்டயும் பேச்சுக் குடுத்துப் பாத்தேன். வரலைங்க."

"அப்பச் சரிங்கண்ணா," என்று முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, உள்ளே நுழைந்துகொண்டிருந்த பஸ்ஸைப் பார்க்கத் திரும்பினார். நானும் கூடப் போய் நின்றேன்.