தாரணி சொன்னாள், நான் எழுதினேன்

ஆசிரியர்களைப் பிடித்து, 'எதையும் கற்றுக்கொடுத்துவிடாதே' என்று உட்கார வைக்கிற வேலை ஒன்று உண்டு. 'சொல்வதை எழுதுபவர்' என்று அதற்குப் பெயர். பொதுத்தேர்வில் கையால் எழுதச் சிரமப்படும் பிள்ளைகள் சொல்லச் சொல்ல, நாம் அவர்களுடைய விடைத்தாளில் எழுதவேண்டும். தேர்வு அறையில் கால் கடுக்க நின்ற சக ஆசிரியர்களே, உங்கள் பாடு எனக்குத் தெரியும். ஆனால் நீங்கள் முகத்தையாவது இஷ்டத்துக்கு வைத்துக்கொண்டீர்கள்.

தகுதி

நான் நாமக்கல்லில் தமிழ் ஆசிரியை. அந்தந்தப் பாடம் எடுப்பவர் அந்தந்தத் தேர்வை எழுதித் தரக்கூடாது என்பது விதி. அதனால் பத்தாம் வகுப்புத் தேர்வில் கணக்கு, அறிவியல், சமூக அறிவியல் மூன்றையும் என் தலையில் கட்டினார்கள். மையம் சேந்தமங்கலம் பக்கம். ஆணையை நீட்டிய எங்கள் தலைமையாசிரியர் குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார்:

"உங்களுக்குக் கணக்குல ஒன்னுமே தெரியாதுன்னு நம்பித்தான் பேரு குடுத்திருக்கேன். காப்பாத்துங்க டீச்சர்."

முட்டை

எனக்கு வாய்த்த மாணவி தாரணி. கேட்டால் பதில் மளமளவென்று வரும். பேனாவை எடுத்தால் எழுத்துகள் இடம் மாறி விழும். மருத்துவச் சான்றின்பேரில் எழுத ஓர் ஆளும், கூடுதலாக ஒரு மணி நேரமும் அவளுக்கு அனுமதித்திருந்தார்கள். ப்ளஸ் ஒன் சேரவேண்டும் என்பது அவள் ஆசை. தேறாவிட்டால், அவளுடைய அப்பா வேலை பார்க்கும் கோழிப்பண்ணையில் அவளும் கூடை எடுக்கவேண்டியதுதான்.

கணக்குத் தேர்வன்று காலை அந்த அப்பா ஓர் அட்டை நிறைய முட்டையோடு வாசலில் நின்றார். தேர்வு நாளில், அதுவும் கணக்குத் தேர்வன்று, முட்டை! பக்கத்தில் நின்ற பெற்றோர்கள் தங்கள் பிள்ளைகளை இழுத்துக்கொண்டு ஒதுங்கினார்கள். இதையெல்லாம் வாங்கக்கூடாது என்று நான் பின்வாங்கினேன். அவருக்கு முகம் சுண்டிப்போய்விட்டது.

"ஏனுங்க டீச்சர், எங்கூட்டுல இருக்கறது இதுதானுங்க. மாந்தோப்பு இருந்தா மாம்பழம் கொண்டாந்திருக்க மாட்டனுங்களா?"

புருவம்

தாரணி நிதானமாகத்தான் சொன்னாள். நானும் ஒரு வார்த்தை கூட்டாமல் குறைக்காமல் எழுதினேன். நாலைந்து கணக்கு நல்லபடியாகப் போயிற்று. பிறகு ஓரிடத்தில் மைனஸை மைனஸால் பெருக்கி, "மைனஸ்னு போடுங்க" என்றாள். தலைமையாசிரியர் என்னை நம்பி மோசம் போனார். கணக்கில் எனக்குத் தெரிந்த ஒரே விஷயம் அதுதான். கை மைனஸ் போட்டது, புருவம் மட்டும் மேலே போய்விட்டது.

அவள் அதைப் பார்த்துவிட்டாள். 'அடித்துவிட்டு மாற்றிப் போடச் சொல்லேன் பெண்ணே' என்று என் மனசு கிடந்து துடித்தது. அவளோ அடுத்த கணக்குக்குப் போகச் சொன்னாள். மெதுவாக இதையும் சொன்னாள்:

"நீங்க மூஞ்சிய அந்தப் பக்கமா திருப்பிக்குங்க டீச்சர். இப்ப மாத்துனா அது உங்க மார்க்காயிரும்."

அதன்பிறகு தேர்வு முடியும்வரை சுவரைப் பார்த்தபடி காது கொடுத்தேன், எழுதும்போது மட்டும் தாளைப் பார்த்தேன். எனக்கு அவள்மேல் கோபம் வந்தது. ராத்திரி படுத்தபோது அது கோபம் இல்லை என்று தெரிந்தது.

இதயம்

அறிவியல் தேர்வில் இதயத்தின் படம் கேட்டிருந்தார்கள். நான் வரைந்தால் எதுவுமே கத்திரிக்காயாகத்தான் வரும். காம்பு உட்பட வந்தது. தாரணி தலையைச் சாய்த்துப் பார்த்தாள். இடது பக்கச் சுவரைத் தடிமனாக்கச் சொன்னாள், மேலே இருந்த காம்பை வளைக்கச் சொன்னாள், அதற்குப் பெருந்தமனி என்று பெயரும் போடச் சொன்னாள். கத்திரிக்காய்க்கு உயிர் வந்தமாதிரி இருந்தது. வெளியே வந்ததும் அறைக் கண்காணிப்பாளர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"விதிப்படி நீங்க அந்தப் புள்ளைக்குச் சொல்லித் தரக்கூடாது, சரிதானுங்க. அந்தப் புள்ள உங்களுக்குச் சொல்லித் தரலாமான்னு விதியில இல்லீங்களே டீச்சர்?"

கடைசி ஒரு மணி

சமூக அறிவியல் தேர்வன்று மற்ற பிள்ளைகள் எல்லாம் வீட்டுக்குப் போய்விட்டார்கள். விடைத்தாள் கட்டுகளை எடுக்க வந்த வண்டி வாசலில் உறுமிக்கொண்டு நின்றது. மைய அலுவலர் ஒருவர் கதவருகே வந்து கடிகாரத்தைப் பார்த்தார், போனார், மறுபடி வந்தார். "ஒத்தப் புள்ளைக்காக அத்தன பேரும் காத்துக் கெடக்கறோம். முடிச்சுக்கலாமா பாப்பா?" என்றார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அந்த ஒரு மணி நேரம் அவர் வீட்டு அடுப்பங்கரையிலிருந்து கொடுத்ததா? வாயைத் திறக்கப் போனேன். இன்னும் ஒரு பெரிய வினா மிச்சம் இருந்தது தாரணிக்கு. எழுந்து நின்று, மரியாதையாகவே சொன்னாள்:

"நீங்க போயி டீ குடிச்சுட்டு வாங்க சார். நான் முடிச்சுட்டே வாரனுங்க."

அவர் நிஜமாகவே போய்விட்டார்.

நகல்

தேர்வு முடிவு வந்த அன்று அவளுடைய அப்பா போன் செய்தார். எல்லாப் பாடத்திலும் தேறிவிட்டாள். கணக்கில் மட்டும் மயிரிழையில். ப்ளஸ் ஒன் விண்ணப்பம் வாங்கியாச்சு என்றார்.

பிறகு தாரணி போனை வாங்கினாள். கணக்கு விடைத்தாளின் நகல் வேண்டுமாம், எப்படி விண்ணப்பிப்பது என்று கேட்டாள். தேறிய பிறகு நகல் எதற்கு? நான் ஏதாவது மாற்றி எழுதிவிட்டேன் என்று சந்தேகமா?

"அதெல்லாம் இல்லீங்க. டீச்சரம்மா எழுதி பாஸ் பண்ணி உட்டுட்டாங்கன்னு ஊருக்குள்ள பேசறாங்க. அதுல இருக்கற தப்பக் காட்டோணுமுங்க டீச்சர். அத்தனையும் நான் போட்டதுதானுங்களே!"

என் கையெழுத்தில் இருக்கும் தவறுகளுக்கு இன்னொருவர் இவ்வளவு பெருமையாகச் சொந்தம் கொண்டாடியது, என் சர்வீஸில் இந்த ஒரு தடவைதான்.