படம் எடுக்காமல் தந்த சாமான்

சாய்ந்தமருதில் மனு அடித்துக் கொடுக்கும் ஆதம்பாவாவின் கம்ப்யூட்டரை வைரஸ் படுக்கவைத்ததும், தங்கை மகள் ஸுஹைறா அதில் லினக்ஸ் என்ற இயங்குதளத்தைப் போட்டுக் கொடுத்தாள்.

“இத எல்லாருக்கும் சும்மாதான் தாறாங்க மாமா.”

சும்மா என்றதும் ஆதம்பாவா பெருநாள் சட்டையை மாட்டிக்கொண்டு வந்து உட்கார்ந்தார். சுனாமிக்குப் பிறகு கிடைத்த கூடாரம், தையல் மெஷின், இந்தக் கம்ப்யூட்டர் எல்லாமே, தந்தவர்களோடு நின்று படம் எடுத்த பிறகுதான் கைக்கு வந்தன.

“படம் எடுக்க எப்ப புள்ள வருவாங்க?”

“ஒருத்தரும் வரமாட்டாங்க மாமா.”

அவர் நம்பவில்லை. ஒரு கிழமை முழுக்க அந்தச் சட்டையோடுதான் மனு அடித்தார்.

யுத்தம் முடிந்த வருடம், புதுக் கம்ப்யூட்டர் தருவதாகச் சிலர் கமராவோடு வந்தார்கள்.

“வேணாம் தம்பி” என்றார் ஆதம்பாவா. “படம் எடுத்துத் தந்த கூடாரம் ஒழுகிச்சு, மெஷின் தைக்கல்ல, கம்ப்யூட்டரும் படுத்துச்சு. படம் எடுக்காமத் தந்தது இதுக்குள்ள இருக்கிற லினக்ஸ் ஒண்டுதான். இன்னும் ஓடுது.”