முப்பத்தொன்றாம் தேதி மழை

பேத்தியின் பள்ளியிலிருந்து வந்த படிவத்தில் மூன்று பக்கங்கள், பதினான்கு விதிகள். வீட்டில் நாங்கள் நான்கு பேர். அதை முழுதாகப் படித்தவன் நான் ஒருவன்தான். பல்கலைக்கழகத்துக்கு முந்தைய வகுப்பான ஆறாம் படிவ மாணவர்கள் பாடங்களுக்குப் பயன்படுத்தும் மடிக்கணினி சொந்தப் பொருளாகவே இருந்தாலும், பள்ளி கொடுக்கும் கண்காணிப்பு மென்பொருளை அதில் போட்டாக வேண்டும் என்றது முதல் விதி. எந்தக் கோப்பு எத்தனை நிமிடம் திறந்திருந்தது, திரைக்கு முன் இருந்தது யார் முகம் என்ற விவரமெல்லாம் பள்ளிக்குப் போகும். அந்தக் கணினியை மாணவரைத் தவிர வேறு யாரும் தொடக் கூடாது என்றது ஒன்பதாம் விதி.

ஒன்பதாம் விதியை இரண்டு முறை படித்தேன். பேத்தி எழுவதற்கு முன்பு அவள் கணினியில் செய்தி படிக்கும் பழக்கம் எனக்கு இருந்தது. தேயிலைத் தோட்டத்தில் முப்பத்தாறு வருடம் கணக்கெழுதும் கிராணியாக இருந்து, விடியும் முன் பெரட்டுக்குப் போய் ஆட்களின் பெயர் கூப்பிட்ட உடம்பு இது. நாலரை மணிக்கு மேல் தூங்காது.

மகன் காய்கறி லோரி ஓட்டுகிறான். படிவத்தை லோரியின் மூக்கின் மேல் வைத்துக் கையெழுத்துப் போட்டான்.

"படிச்சுட்டுப் போடுடா," என்றேன்.

"போடலன்னா அவள ஸ்கூல் போர்ட்டல்லயே விடமாட்டாங்களாம்ப்பா. படிச்சு என்ன செய்ய?"

"நம்ம வீட்டுக்குள்ள கேமரா வைக்கிறாங்க."

"வைக்கட்டும் லா. நம்ம சாப்பாட்டு மேசையப் பாத்துட்டு அவங்களுக்குத்தான் பசிக்கும்."

மருமகள் பூத்தோட்டத்தில் வேலை செய்பவள். கேமரா என்றதும் மேசைக்குப் பின்னால் கொடியில் காய்ந்துகொண்டிருந்த துணிகளை எடுத்து அறைக்குள் கொண்டுபோனாள். பதினொரு துணிகள். இந்தக் குளிரில் வெளியே போட்டால் மூன்று நாளானாலும் காயாது. அன்றிலிருந்து எங்கள் வீட்டுத் துணிகள் படுக்கைக்கு மேலே காய்கின்றன.

எண்ணுவதும் கவனிப்பதும் எனக்குப் புதிதல்ல. கொழுந்து நிறுக்கும் கொட்டகையில் தராசுக்குப் பக்கத்தில் நின்று, கூடைக்குள் கைவிட்டு, முற்றின இலை எவ்வளவு கிடக்கிறது என்று பார்த்தவன் நான். ஒருமுறை ஒரு பெண் கேட்டாள்: "நல்லாப் பாருங்க கிராணியாரே. சாயந்திரம் வீட்டுக்கும் வாங்க, அடுப்புல என்ன கொதிக்குதுன்னு அதையும் எழுதிக்கலாம்." வரிசையில் நின்ற அத்தனை பேரும் சிரித்தார்கள். நான் தலையை நிமிர்த்தாமல் அவள் எடையை எழுதினேன். படிவத்தின் பதினான்கு விதிகளையும் படித்து முடித்த அன்று அவள் நினைவு வந்தது.

மென்பொருள் வந்த பிறகு பத்தொன்பது நாட்கள் நான் கணினியைத் தொடவில்லை. விடியற்காலைகள் நீண்டுபோயின. சுவர்க் கடிகாரம் மணிக்கு எத்தனை விநாடி பிந்துகிறது என்று பார்த்தேன். இரண்டு.

பேத்திக்கு அப்போது புவியியலில் ஓர் ஆய்வு வேலை இருந்தது. எங்கள் பக்கத்து மழையையும் காய்கறித் தோட்டங்களின் மண்சரிவையும் பற்றி எழுதினாள். இறுதி மதிப்பெண்ணில் அதற்கும் பங்கு உண்டு. மழைக் கணக்குக்கு என் நோட்டைக் கேட்டாள். தோட்டத்தில் தினமும் காலை ஏழு மணிக்கு மழையளவு எடுப்பது கிராணி வேலையில் சேர்ந்தது. ஓய்வு பெற்று கம்போங் ராஜாவில் மகனோடு வந்து தங்கிய பிறகும் வீட்டுக்குப் பின்னால் ஒரு மழைக்குடுவை வைத்து எடுத்துக்கொண்டிருக்கிறேன். ஒரு நாள்கூட விட்டதில்லை. காய்ச்சலில் கிடந்த நான்கு நாட்கள் மருமகளை எடுக்கச் சொல்லி, அவள் சொன்ன எண்ணைச் சந்தேகப்பட்டு, போர்வையோடு எழுந்துபோய் நானே மறுபடி பார்த்திருக்கிறேன்.

சென்ற வருட நோட்டைக் கொடுத்தேன். ஒரு வாரம் உட்கார்ந்து எண்களைக் கணினியில் ஏற்றினாள். கடைசி நாள் இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு, மேசையைக் கடந்து போகும்போது திரையில் வருட மொத்தத்தைப் பார்த்தேன். என் மொத்தம் எனக்கு மனப்பாடம். நாற்பத்தாறு மில்லிமீட்டர் குறைந்தது. சொல்ல வாயெடுப்பதற்குள் மூடியை மூடிவிட்டு, "தூக்கம் வருது தாத்தா," என்று போய்விட்டாள். மறுநாள் ஆறு மணிக்கெல்லாம் பஸ்ஸுக்குப் போய்விடுவாள்.

படுத்துக்கொண்டு நாற்பத்தாறைத் தேடினேன். எங்கே போனது என்று நாலேகால் மணிக்குப் பிடிபட்டது. என் நோட்டில் மாதத்துக்கு ஒரு பக்கம், பக்கத்துக்கு முப்பது கோடு. முப்பத்தொன்றாம் தேதிக்குக் கோடு இல்லாததால் அதை மேலே, மாதப் பெயருக்குப் பக்கத்தில் சிறிதாக எழுதுவேன். தோட்டத்து நோட்டிலும் அப்படித்தான். அவள் அதைப் பார்க்கவில்லை. வருடத்தில் அப்படி ஏழு நாட்கள். நான்கில் மழை பெய்திருந்தது: பன்னிரண்டு, மூன்று, இருபத்திரண்டு, ஒன்பது.

நாலு நாற்பதுக்கு எழுந்து மேசைக்குப் போனேன். கடவுச்சொல் எனக்குத் தெரியும். ஏழு கட்டங்கள் காலியாக இருந்தன. ஒன்பதாம் விதி நினைவில் இல்லாமல் இல்லை. ஏழு கட்டத்தை நிரப்ப ஐந்து நிமிடம்தானே என்று நினைத்தேன். என் விரல்களுக்கு இருபத்திரண்டு நிமிடம் ஆனது. மொத்தம் சரியாக வந்ததும் மூடிவைத்துவிட்டு, நிம்மதியாகத் தேநீர் போட்டுக் குடித்தேன். காலையில் அவளிடம் சொல்லலாம் என்றுதான் இருந்தேன். அவள் ரொட்டியைக் கையில் எடுத்துக்கொண்டு பஸ்ஸுக்கு ஓடிவிட்டாள்.

அன்று செவ்வாய்க்கிழமை. ஆய்வை வெள்ளிக்கிழமைக்குள் அனுப்ப வேண்டும்.

சாயந்திரம் அவள் வந்து பையை இறக்காமலேயே கேட்டாள். "தாத்தா, இன்னைக்கி காலைல என் லேப்டாப்பத் தொட்டீங்களா?"

"ஏம்மா?"

"எங்க ஜியோகிராபி சிக்கு என்னைக் கூப்ட்டு ஒரு போட்டோ காட்டுனாங்க. அஞ்சு மணிக்கு முகமூடி போட்ட ஆளு ஒருத்தன் என் லேப்டாப்புக்கு முன்னாடி உக்காந்திருக்கான். யாருன்னு கேட்டாங்க."

காலைக் குளிருக்கு நான் குரங்குக் குல்லா போட்டுக்கொள்வது வழக்கம். கண்ணும் மூக்கு நுனியும்தான் வெளியே தெரியும்.

"என்ன சொன்னே?"

"என் தாத்தா, நியூஸ் படிச்சிருப்பாருன்னு சொன்னேன். ஆனா ரிப்போர்ட்ல என் ஜியோகிராபி பைல்தான் தாத்தா இருபத்திரண்டு நிமிஷம் திறந்திருக்கு. உள்ள என்னமோ மாத்தியிருக்கு. நான் பொய் சொல்றேன்னு நெனச்சுட்டாங்க. வேற ஆளு செஞ்சு குடுத்த வேலைன்னா எடுத்துக்க மாட்டாங்களாம். என் போர்ட்டலையும் பூட்டிட்டாங்க."

கோபத்தில் கத்தியிருந்தால் தேவலாம். அவள் மெதுவாகத்தான் சொன்னாள். ஐந்து மாத வேலை அது. மொத்தம் குறைந்தது, திருத்தினேன் என்றேன்; எங்கே என்று கேட்காமல் அறைக்குள் போய்விட்டாள்.

அதற்குள் வீட்டுக்கு வந்திருந்த மகன் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு என்னைப் பார்த்தான். "பதினாலு விதியையும் படிச்சவரு இந்த வீட்ல நீங்க ஒருத்தருதான்ப்பா. ஒடைச்சவரும் நீங்கதான்."

"விடுங்க," என்றாள் மருமகள். "மாமா, நாளைக்கி நீங்களே போய்ச் சொல்லிட்டு வந்துருங்க. அந்தக் குல்லாவையும் எடுத்துக்குங்க."

மறுநாள் ஏழு மணி மழையளவை மருமகளிடம் விட்டுவிட்டு நோட்டோடு பஸ் ஏறினேன். வழியில் வளைவுகளை எண்ணினேன். கோலா தெர்லாவில் ஒரு முட்டைக்கோஸ் லோரி பின்வாங்கிக் குறுக்கே நின்றதில் கணக்கு விட்டுப்போனது. பேத்தி இரண்டு இருக்கை தள்ளி உட்கார்ந்திருந்தாள்.

சிக்கு என்று பேத்தி சொன்ன புவியியல் ஆசிரியை நாற்பது வயதுக்குள் இருக்கும் மலாய்க்காரப் பெண். பேத்தியை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு என்னிடம் திரையைத் திருப்பினார். வரிசையாக ஐந்து படங்கள், ஐந்திலும் குல்லா. ஒவ்வொன்றின் கீழும் முகம் அடையாளம் தெரியவில்லை என்று சிவப்பில் எழுதியிருந்தது.

"இது நீங்கள்தானா, பாக்சிக்?" என்று மலாயில், பெரியவரே என்கிற மரியாதையோடு கேட்டார்.

நான் பையிலிருந்து குல்லாவை எடுத்துப் போட்டுக்கொண்டேன். ஆசிரியை திரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், கையால் வாயைப் பொத்திக்கொண்டு கொஞ்ச நேரம் சுவர்ப் பக்கம் திரும்பியிருந்தார். நான் குல்லாவைக் கழற்றி, நோட்டை விரித்து, மாதப் பெயர்களுக்குப் பக்கத்தில் இருந்த ஏழு சிறிய எண்களையும் காட்டினேன். பேத்திக்கு இது தெரியாது, அவள் தூங்கிக்கொண்டிருந்தாள், செய்தி படித்தேன் என்று அவளாக நினைத்துச் சொன்னாள் என்றேன். என் மலாய் தோட்டத்து மலாய். அவருக்குப் புரிந்தது.

அவர் நோட்டைச் சில பக்கங்கள் புரட்டினார்.

"உங்கள் எண்கள் சரி," என்றார். "ஆனால் அவை அவளுடையவை அல்ல. திங்கட்கிழமை இரவு எப்படி இருந்ததோ அப்படிக் கோப்பைத் திருப்பிவைக்கிறேன். பூட்டைத் திறந்துவிடுகிறேன். நோட்டைப் பார்த்துத் தவறை அவளே கண்டுபிடித்தால் திருத்திக்கொள்ளட்டும். நீங்கள் வெள்ளிக்கிழமை வரை வாய் திறக்கக் கூடாது."

"கண்டுபிடிக்காவிட்டால்?"

"அவள் தவறுக்குக் கொஞ்சம் மதிப்பெண் போகும். உங்கள் சரியான எண்ணுக்கு எல்லாமே போகும்."

எழுந்திருக்கும்போது ஒன்று கேட்டேன். இந்தப் பிள்ளைகளின் படங்களையெல்லாம் தினமும் நீங்கள்தான் பார்க்கிறீர்களா? சிவப்பில் வருவதை மட்டும் பார்ப்பதாகச் சொன்னார். ஒரு காலையில் எத்தனை சிவப்பு வரும் என்றேன். "எண்ணியதில்லை, பாக்சிக்," என்றார். "பெரும்பாலும் தம்பி, தங்கைகள்தான். ஒரு தடவை பூனை." எனக்கென்றால் எண்ணாமல் இருக்க முடியாது.

அன்று சாயந்திரமே பேத்தி நோட்டையும் கணினியையும் விரித்து உட்கார்ந்தாள். "எங்க தப்புன்னு சொல்லிறாதீங்க தாத்தா. இந்தப் பக்கமே வராதீங்க. கேமராவுல விழுந்துருவீங்க."

மேசையைச் சுற்றிக்கொண்டு சமையலறைக்குப் போவதற்கு ஒன்பது அடி கூடுதல். அப்படியே நடந்தேன். அவள் ஒவ்வொரு கோடாக அளவுகோலை இறக்கி, நோட்டைப் பார்த்து, திரையைப் பார்த்து, வாய்க்குள் முணுமுணுத்தாள். புதனும் வியாழனும் அதேதான். அளவுகோல் ஒரு தடவைகூடப் பக்கத்தின் தலைப்புக்குப் போகவில்லை.

வியாழன் இரவு ஏழு மணி இருக்கும், சாப்பாட்டுத் தட்டோடு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். "முந்நூத்தி அம்பத்தெட்டு நாளையும் செக் பண்ணிட்டேன். ஒன்னுகூடத் தப்பு இல்ல. நீங்க என்னத்தத்தான் மாத்துனீங்க?"

ஒரு வருடத்தில் எத்தனை நாள் என்று கேட்க நாக்கு நுனி வரை வந்தது. தட்டிலிருந்த பயற்றங்காயை எண்ணினேன். பதினேழு துண்டு.

"பேசாம இருக்குறதுக்கு எவ்ளோ கஷ்டப்படுறாரு பாரு," என்று மகன் சிரித்தான். "பெரட்டுல ஆளு கொறஞ்ச மாதிரி மூஞ்சி."

வெள்ளிக்கிழமை அனுப்பிவிட்டாள். பள்ளி ஏற்றுக்கொண்டது. அன்று சாயந்திரம் அச்செடுத்த பிரதி ஒன்றைக் கொண்டுவந்து எனக்குக் கொடுத்தாள். நாற்பத்திரண்டு பக்கங்கள். உதவியவர்களுக்கு நன்றி சொல்லும் பக்கத்தில் முதலில் நான் இருந்தேன். மண்சரிவைப் பற்றி நன்றாக எழுதியிருந்தாள். லெம்பா பெர்த்தாமில் சேறு புகுந்த கதையை அங்கே இருப்பவர்களிடம் நேரில் போய்க் கேட்டிருந்தாள். முப்பத்தெட்டாம் பக்கத்தில், தரவுகளின் குறைபாடுகள் என்ற தலைப்பின் கீழ், மலாயில் ஒரு வரி இருந்தது. மழையளவைப் பதிவு செய்தவர் மாதத்தின் முப்பத்தொன்றாம் நாளில் அளவெடுப்பதில்லை.

அந்த வரியை எத்தனை முறை படித்தேன் என்பதை இங்கே எழுத விரும்பவில்லை. ஆசிரியை கேட்ட வெள்ளிக்கிழமை முடிந்துவிட்டது, இனிமேல் வாய் திறக்கலாம். ஆனால் சொன்னால் அவளால் திருத்த முடியாது. மதிப்பெண் வரும்வரை அதையே நினைத்துக்கொண்டிருப்பாள். அந்த வேலையைச் செய்ய வீட்டில் ஏற்கெனவே ஒருவன் இருக்கிறேன். "நல்லா எழுதியிருக்கேம்மா," என்று சொல்லிப் பிரதியை என் நோட்டுகளுக்குப் பக்கத்தில் வைத்தேன்.

அடுத்த செவ்வாய்க்கிழமை முப்பத்தொன்றாம் தேதி. பள்ளி விடுமுறை. முந்தின நாள் மத்தியானத்திலிருந்து நல்ல மழை. காலை ஏழு மணிக்குக் குல்லாவைப் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் பின்னால் போனேன். குடுவையிலிருந்த தண்ணீரை அளவுக் குழாயில் ஊற்றிக் கண்ணுக்கு நேரே பிடித்தேன். சமையலறை வாசலில் பேத்தி பல் துலக்கிக்கொண்டு நின்றாள். நான் சட்டைப் பையிலிருந்து நோட்டை எடுத்து, பக்கத்தின் மேலே, மாதப் பெயருக்குப் பக்கத்தில் எழுதினேன்.

பிரஷ் வாய்க்குள் நின்றுவிட்டது.

"தாத்தா," என்றாள். "இன்னைக்கி முப்பத்தொன்னு."

"ஆமாம்மா."

வாயைக் கொப்பளித்துவிட்டு வந்து நோட்டைக் கேட்டாள். கொடுத்தேன். முந்தைய பக்கங்களைத் திருப்பி மேல் ஓரங்களை மட்டும் பார்த்துக்கொண்டே போனாள். நான் அளவுக் குழாயைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

"போன வருஷத்துக்கு எவ்வளவு?"

"நாப்பத்தாறு."

"என் மார்க்குல எவ்ளோ போவும்?"

"கொஞ்சந்தான் போவும்னு சிக்கு சொன்னாங்க."

அவள் நோட்டைத் திருப்பிக் கொடுத்தாள். பிறகு குழாயை என் கையிலிருந்து வாங்கித் தண்ணீர் மிச்சமிருக்கிறதா என்று வெளிச்சத்தில் பார்த்தாள். "அடுத்த தடவ முப்பத்தொரு கோடு உள்ள நோட்டா வாங்குங்க," என்றாள். "நானே பாத்து வாங்கியாறேன்."