பாலம் ஏறும்போது கேட்ட சத்தம்

வண்டி தெருமுனையில் திரும்பும்போதே மெக்கானிக் காதைக் கொடுத்துவிடுவார். கையில் இருக்கும் ஸ்பேனர் அப்படியே நிற்கும். "ஒரு சிலிண்டர் அடிக்கல" என்பார். பானெட்டைத் திறந்து பார்த்தால் அதுவாகத்தான் இருக்கும். இத்தனை வருஷமாக ஷெட்டுக்கு வந்தவர்கள் அந்தக் காதை நம்பித்தான் வந்தார்கள்.

பிறகு, வண்டியில் செருகினால் கோளாறைத் திரையில் காட்டும் ஸ்கேனர் வந்தது. போன் எடுக்கவும் பில் போடவும் ஷெட்டில் உட்கார்ந்திருந்த மனைவி, அதை விற்க வந்தவரைத் துருவித் துருவிக் கேட்டுக் கற்றுக்கொண்டாள். "நீயே வச்சுக்கோ, எனக்கெதுக்கு அந்த டப்பா" என்று சொன்னவர் மெக்கானிக்தான். சொன்ன வாயை இப்போது என்ன செய்வது? வருகிறவர்கள் எல்லாம் தலையை நீட்டி, "அண்ணே, அக்கா இல்லையா?" என்று கேட்கிறார்கள்.

அவருக்கு வயிறு எரிந்தது. வேறு யார் மேலாவது என்றால் திட்டியாவது தீர்த்திருப்பார். கட்டின மனைவி மேல் பொறாமை என்று யாரிடம் போய்ச் சொல்வது? காலையில் கும்பிடும்போது, "கடவுளே, இதை என்கிட்டேயிருந்து எடுத்துடு" என்று வேண்டிக்கொள்வார். ஷட்டரைத் தூக்கினால் அது அவருக்கு முன்னால் உள்ளே போய் உட்கார்ந்திருக்கும்.

வேலை முடிந்த வண்டியை இருவரும் சேர்ந்து மேம்பாலம் வரை ஓட்டிப் பார்ப்பது வழக்கம். அவர் ஓட்டுவார், அவள் பக்கத்தில் ஸ்கேனரைப் பார்ப்பாள். எஞ்சினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் டர்போ உள்ள வண்டி நின்ற இடத்தில் நல்ல பிள்ளையாகத்தான் இருக்கும்; ஏற்றத்தில் ஏறும்போதுதான் அதன் வண்டவாளம் தெரியும்.

அவள் தங்கை வீட்டுக்குப் போயிருந்த அன்று, பழைய வாடிக்கையான டீச்சரின் கார் உதறிக்கொண்டு வந்து நின்றது.

"மிஸ்ஸிங் அடிக்குதுண்ணே. அக்கா எப்ப வருவாங்க?"

"ஏன், என்னைப் பாத்தா ஆளாத் தெரியலையா?"

"ஐயோ, அப்படியில்லண்ணே. அவங்களும் பாத்துட்டா ஒரு நிம்மதி."

ஒரு காலத்தில் அவரைத் தவிர யாரையும் தன் வண்டியைத் தொடவிடாத டீச்சர்!

அவள் வருவதற்குள் முடித்துவிட வேண்டும் என்று வேலையில் இறங்கினார். கை உள்ளே போக, டர்போவிலிருந்து காற்று வரும் தடித்த பைப்பைக் கழற்றினார். மூன்றாவது சிலிண்டருக்குத் தீப்பொறி கொடுக்கும் காயிலை முதலாவதுக்கு மாற்றிப் போட்டார்; உதறலும் கூடவே அங்கே போனது. கோளாறு காயிலில்தான். புதுசைப் போட்டு, பைப்பை மாட்டி, கிளிப்பை முறுக்கினார். நின்ற இடத்திலேயே ரேஸ் கொடுத்துப் பார்த்தார். எஞ்சின் பூனைபோல ஓடியது. பாலத்துக்குப் போகவில்லை, அதற்கு அவள் வேண்டுமே.

மறுநாளே டீச்சர் திரும்பி வந்தார். "மிஸ்ஸிங் போயிடுச்சுண்ணே. ஆனா பிக்கப்பே இல்ல. பாலத்துல முக்கி முக்கி ஏறுது. அக்கா..."

"இருக்கா, இருக்கா."

டீச்சரை பெஞ்சில் உட்கார வைத்துவிட்டு இருவரும் கிளம்பினார்கள். பாலத்தில் ஏறி ஆக்சிலரேட்டரை மிதித்ததும் இடது பக்கம், கீழே, புஸ்ஸென்று ஒரு சத்தம். மெக்கானிக்குக்குப் புரிந்துவிட்டது. அவசரத்தில் கிளிப்பைப் பைப்பின் விளிம்பு மேலேயே முறுக்கியிருக்கிறார். காற்றெல்லாம் வெளியே போகிறது.

அவள் ஸ்கேனரில் காற்றழுத்தம் காட்டும் எண்ணிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "பூஸ்ட் பாதிகூட வரலைங்க. டர்போவே போயிருக்குமோ?"

அவருக்கு நெஞ்சில் ஒரு குளிர்ச்சி. இவள் வாயாலேயே டீச்சரிடம் டர்போ என்று சொல்லட்டும். அப்புறம் நாம் குனிந்து பைப்பைக் காட்டுவோம். அக்கா சொன்னது தப்பு, அண்ணன்தான் கண்டுபிடித்தார் என்று நாலு பேர் பேசுவார்கள்.

"ம்... இருக்கும்" என்றார்.

ஷெட்டுக்குள் வண்டி நுழைந்ததும் டீச்சர் நேராக அவளிடம் வந்தார். "என்னக்கா?"

"அவரே சொல்லுவாரு" என்று அவள் ஸ்கேனர் வயரைச் சுருட்ட ஆரம்பித்தாள்.

டீச்சர் அவர் பக்கம் திரும்பினார். "டர்போ கிர்போன்னு மட்டும் சொல்லிடாதீங்கண்ணே. நாளைக்கு அம்மாவ டயாலிசிஸுக்குக் கூட்டிட்டுப் போகணும். வண்டிய விட்டுட்டுப் போக முடியாது."

மெக்கானிக் பானெட்டைத் திறந்தார்.

"டர்போ நல்லாத்தான் இருக்கு டீச்சர். பைப் கிளிப். நான் மாட்டுனதுதான் சரியா உக்காரல. இப்பவே சரி பண்ணித் தர்றேன்."

கிளிப்பைத் தளர்த்தி, பைப்பை உள்ளே தள்ளி முறுக்கினார். இருவரும் மறுபடி பாலத்துக்குப் போனார்கள். வண்டி பிய்த்துக்கொண்டு ஏறியது.

டீச்சர் போன பிறகு கை கழுவ சோப்பை எடுத்துக் கொடுத்தபடி மனைவி சொன்னாள்: "அந்த சத்தம் எனக்கும் கேட்டுச்சுங்க."

"எந்த சத்தம்?"

"முதல்ல பாலம் ஏறுனப்ப, புஸ்ஸுன்னு."

"அப்புறம் எதுக்கு டர்போவான்னு கேட்ட?"

"நீங்க என்ன சொல்றீங்கன்னு பாக்கலாம்னுதான்."

அவர் வெகுநேரம் கையைத் தேய்த்தார். அழுக்கு எப்போதோ போய்விட்டது.

"எந்தப் பக்கம் கேட்டுச்சு?"

"இடது பக்கம். கீழ."

துல்லியமாகச் சொல்லிவிட்டாள். பாவி மகள், இதையும் எப்போது கற்றுக்கொண்டாள்?

"கீழ இல்ல. இன்னும் கொஞ்சம் முன்னாடி" என்றார், விட்டுக்கொடுக்க மனசு வராமல்.