லிங்கம்மாவுக்குக் காய்ச்சல்

எங்கள் கம்பெனி பஸ் டிரைவர் கோதண்டபாணி அண்ணன் இதுவரை நான்கு சீன நாடகங்களை முதலிலிருந்து கடைசிவரை முடித்திருக்கிறார். அதில் ஒன்றைக்கூட அவர் கண்ணால் பார்த்ததில்லை.

நம்பமாட்டீர்கள் என்று தெரியும். அதனால் பஸ்ஸிலிருந்தே ஆரம்பிக்கிறேன். காலையில் அணைக்கட்டில் எங்களை ஏற்றி, பள்ளிகொண்டாவில் ஹைவேயைப் பிடித்து, ஆம்பூரில் ஷூ கம்பெனி கேட்டில் இறக்கிவிடுவது அவர் வேலை. சாயந்திரம் அதே வழியில் திரும்ப வேண்டும். பஸ் முழுக்கப் பெண்கள், எல்லோரும் தையல் லைன். டிரைவர் சீட்டுக்கு நேர் பின்னால் நானும் மெர்சியும் உட்காருவோம். இந்தக் கூத்து முழுவதும் மெர்சியின் போனில் ஆரம்பித்தது.

மெர்சி தமிழில் டப் செய்த சீனக் காதல் நாடகம் பார்ப்பவள். அவள் தோளுக்கு மேல் நாங்கள் பத்துப் பேர் எட்டிப் பார்த்ததில் அவளுக்குக் கழுத்து வலி வந்துவிட்டது. ஒருநாள் எரிச்சலில் போனை பஸ் ஸ்பீக்கரோடு இணைத்துவிட்டாள். அன்றிலிருந்து சத்தம் எல்லோருக்கும், படம் முன்சீட்டுக்காரர்களுக்கு மட்டும்.

இதையெல்லாம் ஏன் பார்க்கிறீர்கள் என்று யாராவது கேட்டால் எனக்குக் கோபம் வரும். நம் ஊர் சீரியலில் ஒருத்தி பாயசத்தில் விஷம் கலந்தால், அதை எடுத்துக் குடிக்க இன்னொருத்திக்கு மூன்று வாரம் ஆகும். அதுவரைக்கும் நமக்குத்தான் வயிற்றைக் கலக்கும். சீன நாடகத்தில் பெரிய பிரச்சினையே ஒரு குடைதான். மழை பெய்கிறது, ஆள் இரண்டு, குடை ஒன்று. இதை வைத்தே ஒரு நாள் ஓட்டிவிடுவார்கள். கம்பெனி முதலாளி இருபத்தெட்டு வயசுப் பையன், ஒரு ஃபைலைத் திறந்து பார்க்கமாட்டான். கதாநாயகி அவன் சட்டையில் காபியைக் கொட்டினால் அவளுக்கு பிரமோஷன். எங்கள் லைனில் ஒரு தையல் கோணினால் சூப்பர்வைசர் வாயில் வருவதை எழுத முடியாது. நாளெல்லாம் டார்கெட் போர்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவளுக்கு, யாருமே வேலை செய்யாத ஒரு ஆபீஸைப் பார்ப்பது எவ்வளவு ஆனந்தம் தெரியுமா? எனக்கு அது கோயிலுக்குப் போய்வந்த மாதிரி இருக்கும்.

அண்ணனுக்கு முதலில் பிடிக்கவில்லை.

"இன்னாமா இது, ஒரே கொஞ்சலா இருக்குது. எனக்குத் தூக்கம் வருது. வண்டியப் பள்ளத்துல வுட்டா நான் பொறுப்பில்ல, சொல்லிட்டேன்" என்றார்.

ஒரு வாரம் போயிருக்கும். காலையில் ஏறும்போதே என்னை நிறுத்தி ரகசியமாகக் கேட்டார்.

"நேத்து அந்தப் பொண்ணு லிஃப்ட்ல மாட்டிக்கினாளே, வெளிய வந்தாளா இல்லியா?"

அவ்வளவுதான், ஆள் விழுந்துவிட்டார். ஆனால் அவர் கண் ரோட்டில் இருக்க வேண்டும், காது மட்டும்தான் நாடகத்துக்கு. அதில் ஒரு சிக்கல். சீன நாடகத்தில் முக்கியமான இடத்தில் யாரும் பேசமாட்டார்கள், பாட்டுதான் ஓடும். அந்த நேரத்தில் நடப்பதைச் சொல்லும் வேலை என் தலையில் விழுந்தது.

"இன்னாமா, பேச்சையே காணோம்? பூட்டானா அவன்?"

"இல்லண்ணா. பாக்கறாங்க."

"எதை?"

"ஒருத்தர ஒருத்தர்."

"பாத்துட்டு?"

"பாத்துக்கினேதான் இருக்காங்க."

"எவ்ளோ நேரம்மா பாப்பாங்க?"

"பாட்டு முடியறவரைக்கும்ணா."

"வேற வேலயே இல்லியா இவனுக்கு?" என்று சலித்துக்கொள்வார். ஆனால் பாட்டு முடியும்வரை ஹாரன் அடிக்கமாட்டார்.

இரண்டாவது நாடகம் ஆரம்பித்த அன்று பெரிய ரகளை. டப்பிங் பேசியவர் அதே ஆள், அதே குரல். சாயந்திரம் மாதனூர் தாண்டியதும் அண்ணன் பஸ்ஸை ஓரங்கட்டிவிட்டுத் திரும்பினார்.

"இவன் போன வாரந்தானே அந்த டாக்டர் பொண்ணைக் கட்டிக்கினான்? அதுக்குள்ள இங்க இன்னொருத்திகிட்ட வழியறானே, நீங்கள்லாம் கேக்கமாட்டீங்களா?"

இது வேறு ஆள், குரல்தான் ஒன்று என்று புரியவைப்பதற்குள் பள்ளிகொண்டா வந்துவிட்டது. அப்போதும் அவர் முழுசாக நம்பவில்லை. அந்தக் குரல் எந்த நாடகத்தில் வந்தாலும் அவன்மேல் அவருக்கு ஒரு கண் இருந்தது.

கதை ஓடும் நாட்களில் அவர் வண்டி ஓட்டும் அழகே வேறு. பஸ் குலுங்கினால் ஸ்பீக்கர் ஒயர் ஆடி சத்தம் போய்விடும் என்பதால், வேகத்தடைகளில் பிள்ளைத்தாச்சியை ஏற்றிக்கொண்டு போகிற மாதிரி ஏறி இறங்குவார். கம்பெனி கேட் வந்தும் கதை முடியவில்லையா, நேரம் இருந்தால் நிறுத்தவே மாட்டார். கேட்டைத் தாண்டிப் போய், பாலத்தடியில் திரும்பி, இன்னொரு சுற்று வருவார். வாட்ச்மேன் சத்தார் பாய் திறந்த கேட்டைப் பிடித்துக்கொண்டு எங்களையே பார்த்துக்கொண்டு நிற்பார்.

நான்காவது நாடகத்தின் கதாநாயகி பெயர் லிங்லிங். அண்ணன் வாயில் அவள் லிங்கம்மா ஆகிவிட்டாள். ஒரு சனிக்கிழமை சாயந்திரம் லிங்கம்மா மழையில் நனைந்து, காய்ச்சலில் மயங்கி, தனியாக அறையில் விழுந்தாள். முதலாளிப் பையன் வெளியூரில் இருந்தான். அந்த இடத்தில் அணைக்கட்டு வந்து எல்லோரும் இறங்கிவிட்டோம். மறுநாள் ஞாயிறு, பஸ் கிடையாது.

ஞாயிறு மத்தியானம் என் போன் அடித்தது.

"ஏம்மா, லிங்கம்மாவுக்குக் காய்ச்சல் வுட்டுச்சா? எனக்கு சோறே எறங்கல. பாவம், பக்கத்துல ஒரு ஆள் கெடையாது."

அவருக்குப் பக்கத்தில் ஒரு ஆள் இருந்தது. அவர் மனைவி கண்ணம்மாள் அண்ணி, கையில் ரசக் கிண்ணத்தோடு.

அண்ணி போனைப் பிடுங்கி, யார் இந்த லிங்கம்மா என்று என்னைக் கேட்டார். நான் அம்மன்மேல் சத்தியம் செய்து, அது நாடகம், அப்படி ஒரு பெண்ணே கிடையாது என்று சொன்னேன். சொன்னால் தீர்ந்துவிடும் என்று நினைத்தேன். தீரவில்லை. போனை வைக்காமலே அண்ணி அவரிடம் பேசியதை நான் கேட்டுக்கொண்டிருந்தேன்.

"போன ஐப்பசியில எனக்குக் காய்ச்சல் வந்து பத்து நாள் பாயில கெடந்தேனே, எப்படி இருக்குதுன்னு ஒரு வார்த்த கேட்டியாயா? நெஜமா ஒருத்தி இருந்தாகூட எனக்கு மனசு ஆறும். இல்லாத பொம்பளைக்குக் காய்ச்சல்னு உனக்கு சோறு எறங்கலியா?"

அன்று சாயந்திரமே துணியைப் பையில் திணித்துக்கொண்டு நெமிலியில் இருக்கும் மகள் பாரதி வீட்டுக்குப் போய்விட்டார்.

திங்கட்கிழமை பஸ்ஸில் ஸ்பீக்கரைப் போடவேண்டாம் என்று சொல்லிவிட்டார் அண்ணன். அந்த வாரம் முழுக்க அவர் ஓட்டலில் இட்லி தின்றார், நாங்கள் பொம்மைகள் மாதிரி உட்கார்ந்து ஆம்பூர் போனோம். லிங்கம்மா பிழைத்தாளா என்று பார்த்துக்கொள்ளக்கூட மெர்சிக்கு மனசு வரவில்லை.

"வீட்டுல பேசற ஆளே அவதாம்மா" என்றார் ஒருநாள், ரோட்டைப் பார்த்தபடியே. "நான் ம்னு சொல்வேன், அவ பேசுவா. இப்போ நான் யாருக்கு ம்னு சொல்றது? அவ வந்தாப் போதும்மா எனக்கு."

எனக்கு அழுகை வந்துவிட்டது. உடனே பஸ்ஸே கூடி யோசனை சொல்ல ஆரம்பித்தது. அண்ணியைக் கூட்டிவர வழி நம்மிடமே இருக்கிறது, மூன்று நாடகம் முடித்த மனுஷனுக்கு வழி தெரியாதா என்றாள் மெர்சி. குடை எடுத்துக்கொண்டு போகச் சொன்னோம். வாசலில் நின்று ஒன்றும் பேசாமல் பார்க்கச் சொன்னோம்.

"எவ்ளோ நேரம்?" என்றார் அண்ணன்.

"மனசுக்குள்ள ஒரு பாட்டு ஓட்டுங்கண்ணா. அது முடியறவரைக்கும்."

இதில் ஒரு விஷயத்தை எல்லோரும் மறந்துவிட்டோம். அந்தப் பார்வை எப்படி இருக்கும் என்று அவருக்குத் தெரியாது. அவர் பார்த்ததே இல்லையே. அவருக்குத் தெரிந்த ஒரே பார்வை, எதிரில் தப்பான பக்கத்தில் வருகிற லாரியைப் பார்க்கும் பார்வைதான்.

அடுத்த ஞாயிறு நெமிலியில் நடந்ததை அண்ணனும் சொன்னார், அண்ணியும் சொன்னார். அண்ணி சொன்னதில் சிரிப்பு ஜாஸ்தி. பங்குனி வெயிலில், மேகமே இல்லாத வானத்துக்குக் கீழே, எக்ஸெல் மொபெட்டை நிறுத்திவிட்டு, குடையை விரித்துக்கொண்டு பாரதி வீட்டு வாசலில் போய் நின்றிருக்கிறார். அண்ணி முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். அண்ணன் புருவத்தைச் சுருக்கி, பல்லைக் கடித்து, இமைக்காமல் பார்த்தார். மனசுக்குள் ஓட்டியது சாமிப் பாட்டு, அது லேசில் முடியாது.

"மா, அப்பாவுக்கு இன்னாமோ ஆயிடுச்சி!" என்று பாரதி கத்தினாள். "கண்ணு அப்படியே நின்னுடுச்சிமா!"

அண்ணி கீரையைப் போட்டுவிட்டு ஓடிவந்தார். கோபமெல்லாம் எங்கே போனதோ, அவர் நெற்றியில் கையை வைத்துப் பார்த்தார்.

"இன்னாயா பண்ணுது? காய்ச்சலா?"

பாட்டு பாதியில் அறுந்துவிட்டது. நாங்கள் சொல்லிக்கொடுத்தது எல்லாம் அண்ணனுக்கு மறந்துபோனது.

"எனக்கு இல்ல. உனக்கு. உனக்குக் காய்ச்சல் எப்படி இருக்குது?"

"எந்தக் காய்ச்சல்?"

"ஐப்பசியில வந்துச்சே, அது."

அண்ணி அவரை ஏற இறங்கப் பார்த்தார்.

"அதை இப்போ வந்து கேக்கறியா?"

"வண்டி லேட்டு. இப்பதான் வந்துச்சி. சொல்லு கண்ணம்மா, எப்படி இருந்துச்சி?"

அண்ணி குடையை வாங்கி மடக்கி மூலையில் வைத்தார். சோறு போட்டார். பிறகு எதிரில் உட்கார்ந்து முதல் நாளிலிருந்து ஆரம்பித்தார். சாயந்திரம் பாத்திரம் கழுவும்போது குளிர் எடுத்தது, கை நடுங்கித் தட்டு கீழே விழுந்தது என்பதுவரைதான் வந்திருப்பார். அண்ணன் வாயைப் பிளந்து ஒரு கொட்டாவி விட்டார். அடுத்தது இன்னொன்று.

"இதுக்குத்தான் அங்கிருந்து வந்தியா? நீ கெளம்பு!" என்று எழுந்துவிட்டார் அண்ணி.

அண்ணனுக்கு வியர்த்துவிட்டது. இப்போது விட்டால் இவள் வரவே மாட்டாள் என்று தெரிந்தது. நாடகத்தில் இல்லாத ஒரு உண்மையைச் சொன்னார்.

"கோச்சிக்காதமே. எனக்கு உக்காந்து கேக்க வராது. மூஞ்சியப் பாத்தா காது மூடிக்குது. வண்டி ஓட்டினாத்தான் எனக்குக் காது தெறக்கும். வந்து பின்னால ஏறு."

வாயில் பாதிக் கதை நின்றுபோனதால்தான் ஏறினேன், இவர்மேல் இரக்கப்பட்டு இல்லை என்று அண்ணி இன்றைக்கும் சொல்கிறார். எப்படியோ, பையை மடியில் வைத்துக்கொண்டு எக்ஸெல் வண்டியின் பின்சீட்டில் ஏறி உட்கார்ந்தார். பனப்பாக்கத்துக்குள் முதல் இரண்டு நாள் காய்ச்சல் முடிந்தது. காவேரிப்பாக்கம் வரும்போது மூட்டு வலி. அண்ணன் தூங்கவில்லை. பள்ளம் வந்தால் மெதுவாக இறக்கினார், லாரி வந்தால் வழிவிட்டு ஒதுங்கினார், "அப்புறம்?" என்றார், "அய்யோ" என்றார், "யாரு கஞ்சி வெச்சாங்க?" என்று கேட்டார். நானே எழுந்து வைத்தேன் என்று அண்ணி சொன்னதும் வண்டியின் வேகத்தை இன்னும் குறைத்தார்.

வாலாஜாவில் டீ குடிக்க நிறுத்தினார்கள்.

"ஆமா, அந்த லிங்கம்மா இன்னா ஆனா?" என்றார் அண்ணி, டம்ளரைப் பார்த்துக்கொண்டு.

"தெர்ல. நீ போனதுலேர்ந்து கேக்கல."

அண்ணி டீயை முடித்துவிட்டு, தானே முந்திப் போய் வண்டிப் பக்கத்தில் நின்றார். வேலூர் தாண்டினதும் பின்னால் திடீரென்று பேச்சு நின்றது.

"இன்னாமே, சத்தத்தையே காணோம்?"

"அழுவறேன்யா."

"சரி, அழு. முடிச்சிட்டு சொல்லு. நான் மெதுவாவே போறேன்."

அணைக்கட்டுக்குள் நுழையும்போது விளக்கு போட்டுவிட்டார்கள். தெரு திரும்பி, வீடும் வந்துவிட்டது. அண்ணி பையை எடுத்துக்கொண்டு இறங்கத் தயாரானார். வண்டி வீட்டைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தது.

"யோவ், வீடு அங்க இருக்குது. எங்கயா போற?"

"ஒம்போதாவது நாள்தானே ஆயிருக்குது?" என்றார் அண்ணன், ரோட்டைவிட்டுக் கண்ணை எடுக்காமல். "இன்னும் ஒரு நாள் பாக்கி இருக்குதில்ல. பஸ் ஸ்டாண்டு வரிக்கும் ஒரு ரவுண்டு போய்ட்டு வரலாம், சொல்லு."

அண்ணி பையை மறுபடி மடியில் வைத்துக்கொண்டு, அவர் சட்டையைப் பிடித்துக்கொண்டு, பத்தாவது நாளை ஆரம்பித்தார்.