அகன்ற மாடுகள் வரைந்த தேன்மொழி

செய்தி வந்தபோது, ஒரு சிறுவர் பத்திரிகைக்குத் தேன்மொழி வரைந்த அட்டைப்படத்தை நான் கம்ப்யூட்டரில் பெரிதாக்கி, அதில் குறை தேடிக்கொண்டிருந்தேன். அஞ்சலிக் கட்டுரையை இப்படித் தொடங்கக் கூடாதுதான். ஆனால் அவரைத் தெரிந்தவர்களுக்கு என்னையும் தெரியும். மறைத்து என்ன ஆகப்போகிறது? போனில் அவருடைய கணவர் முருகவேல். “அக்கா, தேனு நம்மள வுட்டுட்டுப் போயிட்டாக்கா” என்றார். தலைவலி என்று படுத்தவர், கடலூர் ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே அடங்கிவிட்டாராம். எனக்கு அழுகைக்கு முன்னால் கோபம்தான் வந்தது. இதிலும் எனக்கு முன்னாலேயா என்று.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். தேன்மொழி சிறுவர் பத்திரிகைகளுக்குப் படம் வரைந்தவர். ஊர் குறிஞ்சிப்பாடி, கணவருக்கு நெய்வேலி நிலக்கரி மைன்ஸில் கான்ட்ராக்ட் வேலை. நானும் படம் வரைகிறவள்தான். நெய்வேலி மெயின் பஜாரில் ஒரு பிளெக்ஸ் கடையில் எங்கள் இருவருக்கும் பக்கத்துப் பக்கத்து நாற்காலி. காதுகுத்து, கல்யாணம், பணி ஓய்வு வாழ்த்து என்று டவுன்ஷிப்பின் சிரித்த முகங்கள் எல்லாம் எங்கள் கையால் வெட்டி ஒட்டப்பட்டவை.

அந்தக் கடைக்கு டேப்லெட் வாங்கச் சொன்னதே நான்தான். கம்ப்யூட்டரில் படம் வரைவதற்கான கறுப்புப் பலகை அது. பேனா மேசைமேல் ஓடும். கோடு எதிரே ஸ்க்ரீனில் விழும். கையைப் பார்க்காமல் ஸ்க்ரீனைப் பார்த்து வரையப் பழக வேண்டும். எனக்கு அது படிய வாரக்கணக்கில் ஆயிற்று. தேன்மொழி மதியச் சாப்பாட்டுக்கு அப்புறம் உட்கார்ந்தார். டீ வருவதற்குள் முதலாளியின் மூக்கை வரைந்துவிட்டார். கடையே கூடிச் சிரித்தது. நானும் சிரித்தேன். வயிறு மட்டும் எரிந்தது.

“ரொம்ப நல்லா வரையறீங்க” என்று யாராவது சொன்னால் மற்றவர்கள் கூச்சப்படுவார்கள். இவரா? “அது எனக்குத் தெரியாதா என்ன? நீங்க சொல்லித்தான் தெரியணுமா?” என்பார். பணிவு என்கிற சாமான் அவரிடம் மருந்துக்கும் கிடையாது.

பிறகு இருவரும் கடையை விட்டு வீட்டிலிருந்தே வரையத் தொடங்கினோம். ஆளுக்கொரு டேப்லெட் தேவைப்பட்டது. நான் ஒரு மாதம் வீடியோக்களாகப் பார்த்துத் தள்ளினேன். பேனா எவ்வளவு மெல்லிய அழுத்தத்தை உணரும், முனை எத்தனை நாள் தேயாது, எல்லாம் எனக்கு அத்துப்படி. கடைசியில் பலகையே ஸ்க்ரீனாக இருக்கிற பெரிய ரகத்தை வாங்கினேன். வரைகிற இடத்திலேயே கோடு விழும் அல்லவா! விழுந்தது. கூடவே கழுத்து பிடித்துக்கொண்டது, என் கையே என் படத்தை மறைத்தது, மே மாதத்தில் அதன் சூடு வேறு. தேன்மொழி விற்பனைக்கு இருந்ததிலேயே சின்னதாக, ஸ்க்ரீன் இல்லாத ஒன்றை எடுத்து மடியில் வைத்துப் பார்த்தார். “இது எம் மடியில ஒக்காருது. வேற இன்னாங்க வோணும்?” என்றார். அவ்வளவுதான் அவருடைய ஆராய்ச்சி.

அந்தச் சின்னப் பலகையிலிருந்து வந்த மாடுகள் இருக்கின்றனவே! அகலமாக, அசைந்து நடக்கிற மாடுகள். அகலமான பிள்ளைகள், அகலமான பஸ். பிள்ளைகள் பத்திரிகைக்குக் கடிதம் எழுதினார்கள், குண்டு மாடு ஆன்ட்டியை வரையச் சொல்லுங்கள் என்று. என் மாடுகள் அளவு பிசகாத மாடுகள். அவற்றைக் கேட்டு ஒரு பிள்ளையும் எழுதவில்லை.

பிறகு சென்னையில் ஒரு பதிப்பகம் பெரிய படப்புத்தகம் ஒன்றுக்கு ஓவியர் தேடியது. முழுப் புத்தகம், அட்டையில் ஓவியர் பெயர். நான் வாழ்க்கையில் ஆசைப்பட்ட வேலை அது ஒன்றுதான். எங்கள் இருவரிடமும் மாதிரி கேட்டார்கள். நான் ஒரு தேர்த் திருவிழாவையே வரைந்து அனுப்பினேன். தேன்மொழி ஒரு மாட்டை அனுப்பினார். மாடு ஜெயித்தது.

வாழ்த்துச் சொல்ல இனிப்போடு போனேன். அவர் தரையில் சாய்ந்து, டேப்லெட்டை மடியில் வைத்து வரைந்துகொண்டிருந்தார். கை போகிற தூரமும் கோடு போகிற தூரமும் ஒன்றுக்கொன்று ஒத்துவராதது என் கண்ணில் பட்டது. “தேன்மொழி, ஸ்க்ரீனப் பாக்காம ஒரு வட்டம் போடுங்க” என்றேன். போட்டார். ஸ்க்ரீனில் முட்டை ஒன்று படுத்துக் கிடந்தது.

பலகையின் நீள அகலமும் ஸ்க்ரீனின் நீள அகலமும் ஒரே விகிதத்தில் இருக்க வேண்டும். செட்டிங்கில் அதற்கென்று ஒரு கட்டம் உண்டு. அதில் டிக் போடாவிட்டால் வரைவதெல்லாம் பக்கவாட்டில் இழுபடும். புது டேப்லெட் வாங்கியவர்கள் செய்கிற முதல் வேலையே அதுதான். இவர் இத்தனை வருடமாகச் செய்யவே இல்லை. ஊர் கொண்டாடிய அகலம் ஒரு டிக் போட மறந்ததால் வந்தது! எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. நானே டிக்கைப் போட்டு, “இப்ப வரைஞ்சு பாருங்க” என்றேன்.

வரைந்தார். ஒழுங்கான மாடு ஒன்று வந்தது, என்னுடையதைப் போல. தலையைச் சாய்த்து அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். “இது மாடுதாங்க. ஆனா எம் மாடு இல்ல” என்று சொல்லி டிக்கை எடுத்துவிட்டு, நான் கொண்டுபோன இனிப்பை எனக்கே ஒன்று எடுத்துக் கொடுத்தார். வீட்டுக்கு வந்து ஸ்க்ரீன் இல்லாத ஒரு டேப்லெட்டை இரவல் வாங்கி, நானும் டிக்கை எடுத்துவிட்டு வரைந்து பார்த்தேன். யாரோ பிடித்து இழுத்த மாடு வந்தது.

காரியம் முடிந்த மறுநாள் பதிப்பகத்திலிருந்து போன் வந்தது. புத்தகம் ஏறக்குறைய தயாராம். கண்கள் மட்டும் இல்லையாம். தேன்மொழி எல்லாப் பக்கங்களையும் முடித்துவிட்டு, கடைசியில்தான் ஒரே மூச்சில் எல்லோருக்கும் கண் வைப்பாராம். “முன்னாடியே கண்ணு வெச்சா நான் தப்பு பண்றத அதுங்க பாத்துகினே இருக்கும்” என்று அவர்களிடம் சொல்லியிருக்கிறார். “நீங்க வெச்சுக் கொடுங்க மேடம், உங்க பேரையும் போட்டுடறோம்” என்றார்கள்.

முருகவேல் லேப்டாப்பையும் டேப்லெட்டையும் கொண்டுவந்து வைத்தார். “நீங்க பண்ணா அவ ஒத்துக்குவாக்கா” என்றார். முதலில் என் டேப்லெட்டில் வைத்துப் பார்த்தேன். கண்கள் உருண்டையாக வந்து, பிள்ளைகள் எல்லாம் பயந்து முழித்தார்கள். அழித்தேன். தேன்மொழியுடையதை மடியில் வைத்துக்கொண்டேன். அந்த டிக்கைத் தொடவில்லை. கண்கள் கொஞ்சம் அகன்று, சிரிப்பதற்குத் தயாராக வந்தன.

என் பெயர் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். பெருந்தன்மை எல்லாம் ஒன்றுமில்லை. இரண்டு பெயர் இருந்தால் எது யார் வரைந்தது என்று பிள்ளைகள் தேடுவார்கள், கண்டுபிடித்தும் விடுவார்கள்.

தேன்மொழி, உங்கள் திறமையைப் பார்த்து நான் வெந்தது உங்களுக்கு நன்றாகத் தெரியும். அதில் உங்களுக்குக் கொஞ்சம் சந்தோஷமும் உண்டு. இன்று உங்கள் புத்தகத்தின் கடைசிப் பிள்ளைக்கும் கண் வைத்து முடித்தேன். பேனாவை எடுத்ததும் அது என்னைப் பார்த்தது. நீங்கள் பெற்ற அத்தனை பேரும் கண் திறந்து முதலில் பார்த்தது என் முகத்தை. அது உங்களுக்குக் கிடைக்கவில்லை, எனக்குக் கிடைத்தது. போய் வாருங்கள். இனி நீங்கள் பொறாமைப்படுங்கள்.