தை மழையின் அளவு

திருவையாறு தாண்டி உள்ளே போகும் டவுன் பஸ்ஸில்தான் அந்தப் பள்ளிக்குப் பல வருடங்கள் போய்வந்தேன். கிராமத்து உயர்நிலைப் பள்ளி. நான் அறிவியல் ஆசிரியை. ஆய்வுக்கூடம் என்ற பெயரில் ஒரு இரும்பு பீரோ இருந்தது. அதைத் திறந்தால் லிட்மஸ் தாள், இரண்டு பூதக்கண்ணாடி, ஒரு கை இல்லாத பிளாஸ்டிக் எலும்புக்கூடு. பிள்ளைகள் அந்த எலும்புக்கூட்டுக்கு எங்கள் பழைய தலைமையாசிரியரின் பெயரை வைத்திருந்தார்கள்.

ஒரு வருடம் பள்ளிச் சுற்றுச்சூழல் மன்றங்களுக்குப் பயிற்சி என்று தஞ்சாவூருக்குக் கூப்பிட்டார்கள். முடிந்து கிளம்பும்போது ஒவ்வொரு பள்ளிக்கும் ஏதோ ஒன்று கொடுத்தார்கள். சிலருக்கு மரக்கன்றுகள், சிலருக்குப் பறவைப் படங்கள் போட்ட அட்டை. எனக்குக் கிடைத்தது ஒரு மழைமானி. மேலே புனல், உள்ளே கோடு போட்ட கண்ணாடிக் குழாய். அதை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்தேன்.

"என்ன டீச்சர், காபி ஃபில்டரா?" என்றார் கண்டக்டர்.

சத்துணவுக் கூடத்துக்குப் பின்னால் மரநிழல் படாத இடமாகப் பார்த்து அதை நட்டோம். தினமும் காலை எட்டரைக்கு அளவு பார்க்க வேண்டும். ஞாயிறு, தீபாவளி எல்லாவற்றுக்கும் சேர்த்துத்தான். மழை பெய்யாவிட்டாலும் சுழி என்று குறிக்க வேண்டும். யார் செய்வீர்கள் என்று எட்டாம் வகுப்பில் கேட்டேன். இரண்டாவது வரிசையில் ஒரு பெண் எழுந்தாள்.

"எங்க வீடு வாய்க்காலுக்கு அந்தாண்டதான் மிஸ். நான் பாக்குறேன்."

அதற்கு முன் அவளை நான் அதிகம் கவனித்ததில்லை. நடுவாந்தரமாகப் படிப்பாள். கொஞ்சம் கோபக்காரி, அவ்வளவுதான். அப்பா குத்தகைக்கு நிலம் எடுத்துப் பயிர் செய்தார். அம்மா நூறு நாள் வேலைக்கும் நடவுக்கும் போவாள். அவளுக்கு ஒரு சின்னத் தம்பி.

வேலையைக் கையில் எடுத்ததும் அவள் வேறு ஆளாகிவிட்டாள். மழைமானியைச் சுற்றிக் கருவேல முள் வெட்டி வைத்தாள். ஆடு வந்து உரசினால் ஆட்டுக்காரரோடு சண்டை. பந்து போய் விழுந்தால் பத்தாம் வகுப்புப் பையன்களோடும் சண்டை. பள்ளி வாசல் பக்கத்துச் சுவரில் ஒரு கரும்பலகை சும்மா கிடந்தது. அதில் அன்றன்றைய மழையளவை எழுதத் தொடங்கினாள். எழுத்து அவ்வளவு அழகில்லை. ஆனால் எண்களை மட்டும் பெரிதாக, தெருவிலிருந்தே தெரிகிற மாதிரி போடுவாள்.

ஐப்பசி மழை பிடித்ததும் அந்தப் பலகைக்கு ஒரு மவுசு வந்துவிட்டது. எதிரே டீக்கடையில் உட்கார்ந்திருப்பவர்கள் எட்டரை ஆனால் வாசலைப் பார்ப்பார்கள். "நேத்து டிவில தஞ்சாவூருக்குக் கனமழைன்னு சொன்னாங்க மிஸ். நமக்குச் சொட்டுதான்" என்று ஒரு நாள் வந்து சொன்னாள். அடுத்த ஊர்களிலிருந்து வரும் பிள்ளைகளிடம் தண்ணீர் பாட்டிலை வெட்டி, புனல் கவிழ்த்து, அளவு பார்க்கச் சொன்னோம். ஒரே இரவில் வாய்க்காலுக்கு இந்தப் பக்கம் ஒரு அளவும் அந்தப் பக்கம் ஒரு அளவுமாக மழை பெய்திருந்தது. பிள்ளைகளுக்கு அது பெரிய அதிசயம். எனக்கும்தான். மழையைப் பற்றி அத்தனை வருடம் பாடம் நடத்தியிருக்கிறேன், பக்கத்தில் போய்ப் பார்த்ததில்லை.

அவளுடைய அப்பாவை ஒருமுறை வாசலில் பார்த்தேன். ஒல்லியான மனிதர், சைக்கிளைப் பிடித்தபடி நின்றார். "எந்திரிச்சதும் எவ்வளவுன்னு இவகிட்டதாங்க டீச்சர் கேக்குறேன். அதுக்கப்பறந்தான் மடை தொறக்குறதா மூடுறதான்னு யோசனை" என்றார். முகமெல்லாம் சிரிப்பு. அவள் வெட்கப்பட்டுப் பலகையைத் துடைக்கிற மாதிரி திரும்பிக்கொண்டாள்.

அந்த வருடம் சம்பா நன்றாக வந்திருந்தது. பொங்கல் விடுமுறை முடிந்து பள்ளிக்குப் போனபோது சாலையின் இரண்டு பக்கமும் கதிர் முற்றித் தலை சாய்ந்து நின்றது. அறுவடை மிஷினுக்கு எல்லோரும் சொல்லிவைத்துக் காத்திருந்தார்கள். தையில் மழை வராது என்பது எங்கள் பக்கத்தில் எல்லோருடைய மனதிலும் இருக்கிற கணக்கு. பலகையிலும் சுழி, சுழியாகத்தான் போய்க்கொண்டிருந்தது. "சுழி போடப் போட சந்தோசமா இருக்கு மிஸ்" என்றாள் அவள்.

ஒரு வியாழக்கிழமை மதியம் வானம் கறுத்தது. மாலை பஸ் ஏறும்போது தூறல். வீட்டுக்கு வந்து துணி எடுப்பதற்குள் பிடித்துக்கொண்டது. விடிந்தும் விடவில்லை. பள்ளிக்கு விடுமுறை அறிவிப்பார்கள் என்று பார்த்தேன், அறிவிக்கவில்லை. கிளம்பினேன். பஸ் ஊர்ந்து போனது. ஜன்னல் வழியாகப் பார்த்தால் நேற்று நின்ற பயிர் படுத்துக் கிடந்தது, யாரோ பாய் விரித்த மாதிரி.

அவள் பள்ளி வாசலில் குடையில்லாமல் நின்றிருந்தாள். பலகை காலியாக இருந்தது.

"அளவு பாக்கலியாம்மா?"

"பாத்தேன் மிஸ்."

"அப்பறம் ஏன் எழுதல?"

சாக்பீஸ் அவள் கையிலேயே நனைந்து மாவாகிக்கொண்டிருந்தது. மறுபடி கேட்டேன்.

"எழுதுனா அப்பா பாப்பாரு மிஸ்."

அவளை உள்ளே அழைத்துப் போய் என் துண்டைக் கொடுத்தேன். தலையைத் துவட்டிக்கொண்டிருக்கும்போதே அவளுடைய அப்பா வந்துவிட்டார். முழங்கால் வரை சேறு. வராந்தாவில் ஏறாமல் கீழேயே நின்றார்.

"போர்டுல ஒண்ணும் காணோங்களே டீச்சர்."

நான் அவளைப் பார்த்தேன். அவள் தரையைப் பார்த்தாள்.

"சொல்லச் சொல்லுங்க. எவ்வளவா இருந்தாலும் தெரிஞ்சுக்குறேன்."

அவள் சொன்னாள். கார்த்திகையில் புயல் வந்த நாளில்கூட அவ்வளவு பெரிய எண்ணை அவள் எழுதியதில்லை. அவர் தலையை மட்டும் ஆட்டினார். "சரி, நீ போயிப் படி" என்று சொல்லிவிட்டு, மழைக்குள் இறங்கி நடந்தார். சைக்கிளைச் சுவரோரம் மறந்துவிட்டுப் போனார்.

மழை அதற்குப் பிறகும் விட்டு விட்டுப் பெய்தது. வயலில் தண்ணீர் வடியவில்லை. வடிகால் எல்லாம் ஆகாயத்தாமரை அடைத்துக் கிடந்தது. மிஷின் இறங்கினால் புதையும். வாரக் கடைசியில் நான் அவர்கள் வயலுக்குப் போனேன். அவளும் அப்பாவும் அம்மாவும் தண்ணீருக்குள் குனிந்து, படுத்த பயிரைக் கை கையாகத் தூக்கிக் கட்டி நிறுத்திக்கொண்டிருந்தார்கள். வாங்கிப்போன பன்னையும் வாழைப்பழத்தையும் வரப்பில் வைத்துவிட்டு, சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு நானும் இறங்கினேன். கொஞ்ச நேரத்தில் அவளுடைய அம்மா, "போதும் டீச்சர், விடுங்க. பழக்கமில்லாத இடுப்பு" என்றாள். அதற்குள் எங்களுக்கே தெரிந்திருந்தது, தூக்கி நிறுத்துவதில் பிரயோசனமில்லை என்று.

திங்கட்கிழமை ஏழாம் வகுப்பில் விதை முளைத்தல் பாடம். ஈரப் பஞ்சில் பச்சைப்பயறு போட்டு வைத்திருந்தோம். வகுப்பு முடிகிற நேரம் அவள் வாசலில் வந்து நின்றாள். கையில் ஒரு நெற்கதிர். மணிக்கு மணி வெள்ளையாக முளை விட்டிருந்தது. சிலதில் பச்சை தட்டிவிட்டது.

"இதுவும் அதுதானே மிஸ்? ஈரம், காத்து, வெப்பம்."

குறும்பாகவோ கோபமாகவோ அவள் கேட்கவில்லை. உண்மையாகவே கேட்டாள். "ஆமாம்மா, அதுதான்" என்றேன். அவள் அந்தக் கதிரைப் பஞ்சுத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனாள். ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் ஒருவரும் அதைத் தொடவில்லை.

பயிர் பாதிப்பைக் கணக்கெடுக்க வேளாண்மைத் துறையிலிருந்து ஒருவர் வந்தார். இளைஞர், நல்ல மனிதர். ஊர் ஊராக அலைந்து அவர் செருப்பே பிய்ந்திருந்தது. மதிய இடைவேளையில் அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு வயலுக்கு இழுத்துப் போனாள்.

"நிலம் யார் பேர்ல இருக்குங்க?" என்று அவர் கேட்டார்.

"நெலத்துக்காரங்க மெட்ராஸ்ல இருக்காங்க சார். நமக்கு வாய்வார்த்தைக் குத்தகைதான்" என்றார் அவளுடைய அப்பா.

"அடங்கல் கணக்குல, பயிர் பண்றவங்கன்னு உங்க பேர் இல்லியா?"

"இல்லீங்க."

அவர் பேனாவை வைத்துக்கொண்டு கொஞ்சம் தயங்கினார். பிறகு பட்டாதாரர் பெயரை எழுதினார். நிவாரணம் வந்தால் அவர்களுக்குத்தான் வரும். அதைச் சொல்லவும் அவருக்குச் சங்கடமாக இருந்தது.

அப்போதுதான் அவள் முன்னால் போனாள். "சார், எங்க ஸ்கூல்ல மழைய அளந்துருக்கோம்" என்று சொல்லி, அளவையும் சொன்னாள். அவர் நிமிர்ந்து பார்த்தார்.

"அவ்வளவா? தாலுகா ஆபீஸ் மானியில அதுல பாதிதாம்மா காட்டுது."

"அப்ப ரெண்டும் சரிதான் சார். அங்க கொஞ்சமா பெஞ்சிருக்கும், இங்க நிறையா பெஞ்சிருக்கு."

"நீ சொல்றது சரிதான். ஆனா ரிப்போர்ட்ல ஆபீஸ் அளவுதாம்மா போகும்." அவள் தோளைத் தட்டினார். "நல்லா படி."

திரும்பி வரும்போது வாய்க்கால் பாலத்தில் அவள் நின்றாள்.

"அளந்து என்ன மிஸ் ஆச்சு?"

பல வருடங்கள் அளந்து வைத்தால்தான் மழை எப்படி மாறுகிறது என்று தெரியும், பின்னால் யாருக்காவது உதவும் என்று என்னவோ சொன்னேன். பொய்யில்லை. ஆனால் அவள் முகத்தைப் பார்க்காமல் வாய்க்காலைப் பார்த்துத்தான் சொன்னேன். அவள் மரியாதையாகக் கேட்டுக்கொண்டாள். "சரிங்க மிஸ்" என்றாள். அதற்குப் பிறகும் முழுப்பரீட்சை வரை ஒரு நாள் விடாமல் அளவு பார்த்து என்னிடம் வந்து காதோடு சொல்வாள். பலகையில் மட்டும் எழுதவில்லை. நானும் எழுதச் சொல்லவில்லை.

கோடை விடுமுறையில் அவர்கள் திருப்பூருக்குக் கிளம்பப்போவதாகக் கேள்விப்பட்டேன். அவளுடைய அம்மாவின் தம்பி அங்கே பனியன் கம்பெனியில் இருந்தார். நான் வீட்டுக்குப் போனேன். சாமான்களைச் சாக்கில் கட்டிக்கொண்டிருந்தார்கள். அவளை மட்டும் இங்கே விடுதியில் சேர்த்துவிடலாம், நான் பார்த்துக்கொள்கிறேன், விடுமுறைக்கு என் வீட்டில் இருக்கட்டும் என்றெல்லாம் பேசினேன்.

"பொம்பளப் புள்ளைய இங்க விட்டுட்டு நாங்க அங்க எப்படி டீச்சர் தூங்குறது?" என்றாள் அம்மா.

அப்பா கயிற்றை இறுக்கினார். நான் அவளைப் பார்த்தேன். அவள் கேட்டிருந்தால் அவர்கள் ஒருவேளை இளகியிருப்பார்கள்.

"வேணாம் மிஸ். அம்மா ரெண்டு ஷிப்டு பாக்கணுமாம். தம்பிக்கு யாரு சோறு போடுறது?" என்றாள்.

பள்ளி திறந்ததும் அவளுடைய மாமா வந்து மாற்றுச் சான்றிதழ் வாங்கிக்கொண்டு போனார். மழைமானியை வேறு பிள்ளைகள் பார்த்துக்கொண்டார்கள். நன்றாகத்தான் செய்தார்கள். அவர்களில் ஒருத்தி அறிவியல் கண்காட்சிக்குக்கூட அதை எடுத்துக்கொண்டு போய்ப் பரிசு வாங்கி வந்தாள். மேடையில் அந்தப் பிள்ளையோடு படம் எடுத்துக்கொள்ள என்னையும் கூப்பிட்டார்கள். சிரித்தபடி நின்றேன்.

இரண்டு வருடம் கழித்துப் பத்தாம் வகுப்பு முடிவு வந்த அன்று புது எண்ணிலிருந்து ஒரு அழைப்பு வந்தது. குரல் தடித்திருந்தது. அவளேதான். அறிவியலில் நல்ல மதிப்பெண். நான் கத்தியே விட்டேன். பக்கத்து மேஜை ஆசிரியர் திரும்பிப் பார்த்தார்.

"பதினொண்ணுல என்ன குரூப்பும்மா?"

"காமர்ஸ் மிஸ். சாயங்காலம் கம்பெனில செக்கிங் வேலைக்கு வரச் சொல்றாங்க. சயின்ஸ் எடுத்தா லேப், ரெக்கார்டுன்னு நேரமாயிடுமாம்."

நான் ஏதாவது சொல்வேன் என்று அவள் காத்திருந்தாளோ என்னவோ. பேச்சை மாற்ற, "அங்க மழையெல்லாம் எப்படி இருக்கு?" என்று கேட்டேன். கேட்ட பிறகுதான் அதைக் கேட்டிருக்க வேண்டாம் என்று தோன்றியது.

"பெய்யுது மிஸ். பெஞ்சா அம்மாவுக்கு நல்லது. கரண்டு போயிடும், சீக்கிரம் விட்டுருவாங்க."

சொல்லிவிட்டுச் சிரித்தாள். பின்னால் யாரோ அவளைக் கூப்பிட்டார்கள். "வெச்சுடுறேன் மிஸ்" என்றாள். பிறகு அந்த எண்ணுக்கு இரண்டு மூன்று முறை கூப்பிட்டுப் பார்த்தேன், உபயோகத்தில் இல்லை என்று வந்தது. மாமாவின் எண் யாரிடமாவது இருக்குமா என்று அவள் தெருவில் விசாரித்தேன். அவர் வேலை மாறிவிட்டார் என்றார்கள். எந்தக் கம்பெனி என்று ஒருவருக்கும் தெரியவில்லை.